வேண்டாம் சொல்லும் வேலை

தொப்!

விடிவதற்குச் சற்று முன்னால், அரண்மனைக்குப் பின்னால் இருந்த தோப்பில் முற்றிய தேங்காய் ஒன்று விழுந்த சத்தம் அது. உதயசேகரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டது. அவன் அலைவாய் நாட்டுக்கு ராஜாவாகி, மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் காதைவிட்டுப் போகவில்லை. அவன் ஆண்டது எந்தக் காலமோ, யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் தென்னையுமாக அவன் நாடு இருந்தது.

ராஜாவுக்கு ஒரு குறை. ஊரில் எல்லோரும் ஏதாவது ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். அவனை மட்டும் பிறந்ததும் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்கள். வேறு வேலைக்குப் போயிருந்தால் நன்றாக வந்திருப்போமோ என்ற நினைப்பு தலைதூக்கினால் அன்று சபை நடந்த மாதிரிதான்.

“மந்திரியாரே, நான் குயவனாகப் போகிறேன்.”

“வேண்டாம் அரசே,” என்பார் மந்திரி மருதவாணர். “சக்கரம் சுற்றுவதுதான் கண்ணில் படுகிறது. அதற்கு முன்னால் மண்ணை மிதித்து மிதித்து இடுப்பு விட்டுப்போகும். சூளை மூட்டிய அன்று மழை வந்தால் அத்தனையும் போச்சு.”

“நாவிதன்?”

“சவரம் பாதி வேலைதான். கத்தி கழுத்தில் இருக்கும்போது எதிரே இருப்பவர் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை. தாங்கள் வாயைத் திறந்தால் ஊரே சிரிக்குமே!”

“சரி, மீன் பிடிக்கப் போகிறேன்.”

“வலை வீசுவது கொஞ்ச நேரம். கரையில் உட்கார்ந்து கிழிசல் பார்ப்பதுதான் நாள் முழுக்க. வேண்டாம்.”

அந்தச் சபையில் கீர்த்திநாதர் என்று ஒருவர். அரசன் உள்ளே நுழையும்போது எழுந்து நின்று புகழ்வது அவர் உத்தியோகம். அவர் கண் எப்போதும் மந்திரியின் ஆசனத்தின் மேல்.

“பிரபு! ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு மந்திரியா? ஒரு கிளியை வாங்கிக் கட்டிப்போட்டால் போதாதா? இந்த நாட்டிலேயே சுலபமான வேலை இவருடையதுதான்.”

சபை சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டான். “சரி, நாளைக்கு நீர் மந்திரி. நன்றாகச் செய்தால் என்றைக்கும் நீரே. மருதவாணர் வேறு நாடு பார்த்துக்கொள்ளட்டும்.”

மருதவாணர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். “உத்தரவு, அரசே. நாளைக்கு இவர் வேலை காலியாகத்தானே இருக்கும்? அதை எனக்குக் கொடுங்கள்.”

“உமக்குப் புகழ வருமா?”

“அதையும் பார்த்துவிடலாம்.”

மறுநாள் அரசன் துள்ளிக்கொண்டு வந்தான். “நான் தென்னை ஏறப்போகிறேன்!” என்றவன், பழக்கத்தில் மருதவாணர் முகத்தைப் பார்த்தான். அவரோ கைகூப்பி, “தங்கள் பாதம் பட அந்த மரம் என்ன தவம் செய்ததோ!” என்றார். அரசனுக்கு என்னவோ போல் இருந்தது.

“ஏறுங்கள் பிரபு!” என்றார் புது மந்திரி கீர்த்திநாதர்.

எல்லோரும் தோப்புக்கு வந்தார்கள். சாய்ந்து வளர்ந்த மரம் ஒன்றைப் பிடித்து, காலில் கயிற்று வளையம் மாட்டி, மூச்சு வாங்க ஏறியே விட்டான் அரசன். உச்சியில் காற்று அடித்தது. கடல் தெரிந்தது. தன் கடல் என்ற நினைப்பு இல்லாமல் முதல் தடவையாக அதைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

“கீர்த்திநாதரே, எப்படி இறங்குவது?”

“தாங்கள் எப்படி இறங்கினாலும் அழகுதான் பிரபு!”

“கால் நடுங்குகிறதய்யா!”

“அந்த நடுக்கத்திலும் ஒரு தாளம் இருக்கிறது!”

“மருதவாணரே, நீராவது ஏதாவது சொல்லும்!”

மருதவாணர் குனிந்து வணங்கினார். “ஓலைகளுக்கு நடுவே தங்கள் திருமுகம் முழுநிலா போல இருக்கிறது, அரசே.”

“நிலாவாவது கிலாவாவது! இறங்க வழி சொல்லும்!”

“அது மந்திரி வேலை. இன்றைக்கு எனக்குப் புகழ மட்டும்தான் உத்தரவு.”

“ஐயோ, அந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடும், கீர்த்திநாதரே! மருதவாணரே மந்திரி!” என்று கத்திக்கொண்டே அரசன் பக்கத்தில் தொங்கிய மட்டையை நோக்கிக் கையை நீட்டினான்.

“ஆகா, பொன்னிற மட்டை! பிடியுங்கள் பிரபு!” என்றபடி கீர்த்திநாதர் மோதிரத்தைக் கழற்றினார்.

அது தன் விரலில் ஏறியதோ இல்லையோ, மருதவாணர் அலறினார்: “வேண்டாம்!”

அரசனின் கை அந்தரத்தில் நின்றது. மட்டை தானே கழன்று, சரசரவென்று வந்து கீர்த்திநாதர் காலடியில் விழுந்தது.

“காய்ந்த மட்டை, அரசே. மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே இருங்கள். கீழே பார்க்க வேண்டாம்.”

மருதவாணர் கைதட்டினார். அரசன் காதைவிட்டுப் போகாத ‘தொப்’ சத்தம் அவருக்குத் தெரியும்; அடுத்த ஆசை தென்னைதான் என்று கணித்து, விடியும்போதே அவர் வரச்சொல்லித் தோப்புக்குள் உட்கார வைத்திருந்த மரமேறிகள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். இடுப்பில் கட்டி, மார்பெல்லாம் சிராய்ப்போடு அரசனை இறக்கினார்கள்.

மண்ணில் உட்கார்ந்து அரசன் மூச்சு வாங்கினான். “ஏறுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், மந்திரியாரே.”

“போகட்டும் அரசே. ஒரு வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டீர்கள்.”

“இரண்டு வேலை,” என்றான் அரசன், மோதிரத்தைப் பார்த்தபடி. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். பிறகு திரும்பினான். “இந்தக் கீர்த்திநாதருக்கு என்ன வேலை கொடுப்பது?”

“கீழே நின்று மேலே பார்ப்பது அவருக்குப் பழகிய காரியம். இந்தத் தோப்பில் தேங்காய் பொறுக்கட்டும். இங்கே எது காய்ந்தது, எது விழும் என்று பார்க்காமல் முடியாது.”

கீர்த்திநாதர் கடைசிவரை அந்தத் தோப்பில்தான் வேலை பார்த்தார். தொப்பென்று சத்தம் கேட்டால் முதலில் விலகிக்கொள்வார்; பிறகு போய் எடுப்பார்.