இடப்பக்கச் சடை

சுடலைமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்குத் தொழில் சொல்லித்தந்த பெர்னதத்துக்கு முப்பத்தொன்று. அவர் மேடம் என்பார், பெர்னதத் அண்ணே என்பார். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனை. கை விழுந்தவர்களுக்குப் பொத்தான் போடவும் சோறு பிசைந்து உண்ணவும் மறுபடி பழக்குகிற பிரிவு அங்கே உண்டு. பெர்னதத் அதில் தெரபிஸ்ட். சுடலைமுத்து அதே மருத்துவமனைப் பட்டறையில் இருபது வருடம் செயற்கைக் காலுக்கு வார் தைத்தவர். தெரபிஸ்ட்டுடன் இரண்டு வருடம் கூடவே நின்று பழகினால் உதவியாளர் ஆகலாம் என்று நிர்வாகம் சொன்னது. ஸ்கேலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். எதையும் அளந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

ஆவுடைச்செல்வி வார்டில் சேர்ந்தது ஆனி மாதம். பீடி சுற்றுகிறவர். நரம்பு நோய். இரண்டு கையும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டு வந்தன. இடது கை முந்திக்கொண்டது, தோளுக்கு மேல் ஏறவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டர் அவரிடமே சொல்லியிருந்தார்.

"எதுக்குக் கை வேணும் உங்களுக்கு? பீடி சுத்தவா?" என்று பெர்னதத் கேட்டார்.

"பீடி கெடக்கட்டும் மேடம். எம் புள்ளைக்கு ரெட்டச் சட பின்னணும்."

பிள்ளை முத்தரசி ஆறாம் வகுப்பு. சித்தி வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான். தினமும் எட்டு மணிக்கு ரிப்பனும் கையுமாக வார்டுக்கு வந்து அம்மா கட்டிலில் முதுகு காட்டி உட்காருவாள்.

சுடலைமுத்து பட்டறைக்குப் போய்ச் சீப்புக்குத் தடித்த பிடி செய்து வந்தார். முழங்கை தாங்க ஒரு பலகையும் செய்தார். ஆவுடைச்செல்வி பின்னினார். இடப்பக்கச் சடை மட்டும் வலப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை இறங்கியே தொடங்கும். அந்தப் பக்கம் கை ஏறாது.

பின்னி முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுடலைமுத்து வாராவாரம் அட்டையில் எழுதினார். கட்டில் காலடியில் அதை மாட்டியும் வைத்தார். பக்கவாதம் வந்தவர்களுக்கு எல்லாம் அப்படி மாட்டுவதுதான் அங்கே வழக்கம். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஜாக்கெட் கொக்கி மாட்ட எட்டு நிமிடம் எடுத்தவர், ஐந்துக்கு வந்து, மூன்றுக்கு வந்திருந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அட்டையைக் காட்டிப் பெருமையடிப்பார்.

ஆவுடைச்செல்வியின் அட்டையில் ஆறு, ஒன்பது, பதினான்கு என்று ஏறியது. பதினான்கின் கீழ் சுடலைமுத்து சிவப்பு மையில் கோடும் இழுத்தார்.

திங்கட்கிழமை முத்தரசி வந்தபோது தலையில் பின்ன முடி இல்லை. காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. பின்கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"யாரு வெட்டுனது?" என்றார் சுடலைமுத்து.

"சித்திதான் கூட்டிட்டுப் போனா. அம்மா சொன்னாளாம்."

ஆவுடைச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"அடுத்த வாரம் இருவது வரும். அதுக்கடுத்தாப்ல எழுத ஒண்ணும் இருக்காது," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதா? அந்த அட்ட எதுக்கதானே தொங்குது."

சுடலைமுத்துவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அட்டையைக் கழற்றிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். பின்னாலேயே பெர்னதத்தும் வந்தார்.

"யாருக்காக மாட்டினீங்க அண்ணே?"

சுடலைமுத்து அட்டையை இரண்டாக மடித்தார்.

பிறகு அவர்தான் கேட்டார். "அந்த முடி வளர ஒரு வருசம் ஆவும். கைக்கு ஒரு மாசம்கூட இல்ல. தேயுற கைக்கு இனி என்னத்தப் பழக்க மேடம்?"

பெர்னதத் உள்ளே போனார். ஆவுடைச்செல்வியைத் தூக்கி உட்காரவைத்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் முதுகு காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டார். முடி இடுப்பு வரை விழுந்தது.

"எனக்குப் பின்னி விடுங்க. ரெட்டச் சட."

"வெளாடுதீங்களா மேடம்?"

"ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங். சீக்கிரம்."

ஆவுடைச்செல்வி வெகுநேரம் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீப்பைக் கேட்டார். சுடலைமுத்து எடுத்துக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பின்னலில் ஒரு பிரி நழுவியபோது முத்தரசி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

பெர்னதத் இரட்டைச் சடையோடு, ரிப்பனோடு, டாக்டர்கள் மீட்டிங்குக்குப் போனார். இடப்பக்கம் இறங்கிக் கிடக்கிறதே என்று பெரிய டாக்டர் சிரித்தார். ஆமாம் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் பெர்னதத் ஃபைலைத் திறந்தார். மாலை வரை அவிழ்க்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். முதல் வாரம் முத்தரசி ஒரு பிரியைப் பிடித்தாள். அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் அம்மாவின் விரல்களைத் தன் விரல்களுக்கு மேலே வைத்துக்கொண்டு அவளே பின்னினாள். அம்மாவின் கையையே பார்ப்பாள். கடைசி வாரம் ஆவுடைச்செல்வியின் உள்ளங்கை பெர்னதத்தின் உச்சந்தலையில் சும்மா கிடந்தது. பிள்ளை பின்னி முடிக்கும்வரை யாரும் அதை எடுக்கவில்லை.

ஆவணியில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தச் சீப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கார்த்திகையில் அவர் இறந்த செய்தி வந்தது. சுடலைமுத்து பட்டறையின் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்து அழுதார். தேடிப்போன பெர்னதத் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் முத்தரசி வார்டுக்கு வந்தாள். ஏழாம் வகுப்பு. தாளில் சுற்றிய சீப்பை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிச் சீப்பு மாமா. குடுத்துரணும்னு அம்மா சொல்லிருந்தா."

தலையில் எலிவால்போல இரண்டு குட்டிச் சடை. மடித்துக் கட்டிய ரிப்பன்.

"யாரு பின்னி விட்டா? சித்தியா?"

"நாந்தான். சித்தி கேட்டா, நான் உடல. ஒண்ணுபோல இல்லன்னு டீச்சர் தெனமும் ஏசுதாங்க. எனக்கு இப்படித்தான் வருது."

சுடலைமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பட்டறைக் கண் பொய் சொல்லாது.

"இடப்பக்கம் ஒரு விரக்கடை எறக்கமா இருக்கு. திரும்பும்மா, மாமா சரி பண்ணித் தாரேன்."

ரிப்பனைத் தொடப் போனவரின் கையை, பக்கத்தில் நின்ற பெர்னதத் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. அந்தப் பக்கம் அவ அம்மாவுக்குக் கை ஏறாது."