மேனேஜர் இலையில் நாலு இட்லி

பேச்சியம்மாளின் இட்லிக் கடையில் கார்டு தேய்த்தவர்களின் பணம் வந்து சேர நாலு நாள் ஆனது. அதற்குள் இருப்பு குறைந்துவிட்டதென்று வங்கி அவள் கணக்கில் அபராதம் பிடித்துவிட்டது. கேட்கப் போனவளிடம் மேனேஜர் தங்கப்பழம், "அதெல்லாம் ரூல்ஸும்மா, உனக்குப் புரியாது" என்றார்.

மறுநாள் காலை அவரே சாப்பிட வந்தார். இலையில் நாலு இட்லி வைத்தாள்.

"சாம்பார் எங்கம்மா?"

"ஊத்தியாச்சு சார். இலைக்கு வந்து சேர நாலு நாளாகும்."

முறைத்துக்கொண்டே சட்னியைத் தொட்டு இரண்டைத் தின்றார். பேச்சியம்மாள் மூன்றாவதை லவட்டிக்கொண்டாள்.

"இலையில எப்பவும் மூணு இட்லி இருக்கணும் சார். குறைஞ்சிருச்சு. அதான் அபராதம்."

தங்கப்பழம் துள்ளி எழுந்தார். "என் இலையில கை வைக்க நீ யாரு?"

"இதையேதான் சார், நேத்து உங்க பேங்க்ல நான் கேட்டேன்."