யாரும் இல்லை என்று சொன்ன ஆள்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தெய்வானைக்கு ஒரே பதைப்பு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் மிதியடிக் கம்பெனி அது. கடைகளுக்கு ஈமெயில் அனுப்பும் வேலை அவளுக்கும் நாச்சிமுத்துவுக்கும் துளசிமணிக்கும். முதலாளி சொன்னதை வாய்க்குள் முணுமுணுத்தபடியே வந்து, சொல் பிசகாமல் மற்ற இருவரிடமும் ஒப்பித்தாள்.

"அனுப்புற மெயிலெல்லாம் திரும்பி வருதாம். இப்படியே போனா நம்ம மெயிலையே பூட்டிருவாங்களாம். உசுரில்லாத முகவரியை அழிச்சிரோணும். பதில் போடுறவங்களை விட்டுறக் கூடாது. பூட்டிட்டா நாம மறுபடி நார்க்கொட்டகைக்குத்தானாம்."

நார்க்கொட்டகை என்றதுமே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அந்தத் தூசி ஆகவே ஆகாது.

மூவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். பெரிய பெரிய கடைகள் வாயே திறக்கவில்லை. சில முகவரிகளிலிருந்து மட்டும் அனுப்பிய கையோடு பதில்: 'இந்த முகவரியில் யாரும் இல்லை.'

"ஆளில்லைன்னு சொல்லுதுங்கக்கா," என்றாள் துளசிமணி.

"ஆளில்லைன்னு சொல்றது யாரு?" என்றார் நாச்சிமுத்து. "உள்ள ஒரு ஆளு இருந்தாத்தானே சொல்ல முடியும்?"

தெய்வானை யோசித்தாள். "வாஸ்தவம்தானுங்க. கல்யாணத் தரகர் வந்தா எங்க கொழுந்தனாரும் உள்ள இருந்து அப்படித்தான் குரல் குடுப்பாரு."

"அப்ப வாயத் தொறக்காததுக்குத்தான் உசுரில்லை," என்று முடித்தார் நாச்சிமுத்து.

கடைகளின் முகவரிகளையெல்லாம் அழித்தார்கள். பதில் போட்ட நல்லவர்களுக்கு மட்டும் மறுபடி அனுப்பினார்கள். அத்தனையும் போன வேகத்தில் திரும்பின.

"என்ன மரியாதை!" என்று நெகிழ்ந்தார் நாச்சிமுத்து.

முதலாளி நெகிழவில்லை. வாசலில் நின்று கத்தினார்: "இன்னும் ஒண்ணு திரும்புச்சுன்னா மூணு பேரும் நார்க்கொட்டகைதான்!"

திரும்பவே திரும்பாத முகவரிக்கு எங்கே போவது? தெய்வானைக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கம்பெனியின் சொந்த முகவரி. மிதியடி விலையெல்லாம் எழுதி அதற்கே அனுப்பினாள். திரும்பவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சை வாங்குவதற்குள் துளசிமணி அலறினாள். "அக்கா! யாரோ நமக்கே மிதியடி விக்கப் பாக்குறாங்க! விலையும் அச்சு அசல் நம்ம விலை!"

"போட்டிக் கம்பெனி," என்றார் நாச்சிமுத்து. "நம்ம விலை வெளிய போயிருச்சு."

தெய்வானை விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். 'தயவுசெய்து விலையை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்த மெயில் வந்த முகவரிக்கே எழுதினாள். உடனே அங்கிருந்தும் அதே கெஞ்சல் வந்தது: 'தயவுசெய்து விலையை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

பாவம், அவர்களுக்கும் என்ன முதலாளியோ! 'சத்தியமாகச் சொல்ல மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்தாள் தெய்வானை.

அன்றிலிருந்து மிதியடி என்ன விலை என்று யார் கேட்டாலும் அவள் வாய் திறப்பதில்லை, முதலாளியே கேட்டாலும்.