முத்திரை இல்லாத அரண்மனை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அலுத்து வந்தவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. சின்னக் கதைதான், கண் சொக்குவதற்குள் முடிந்துவிடும்.

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று இரக்கம் பொங்கியது. எங்கோ ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்தவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கேள்விப்பட்டவர், அப்போதே ஆணையிட்டார்: "தானே குளிக்க, உடுக்க முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்க்கு அரண்மனைப் படியரிசி. ஆனால் வீட்டைச் சோதித்து முத்திரை கொடுத்த பிறகே!"

நல்ல ஆணைதான். அதில் நைசாக ஒரு வரியைச் சேர்த்தார் பொக்கிஷ அதிகாரி தனகோடி: முத்திரை இல்லாமல் அப்படிப்பட்டவரைத் தொட்டால் கசையடி, முடியாமல் கிடப்பவர் சத்திரத்துக்கு.

அது விகடகவி சாத்தப்பனுக்கு வைத்த வலை. அரசர் அவனோடு சிரிப்பது தனகோடிக்குக் கண்ணில் விழுந்த மிளகாய்த்தூள். சாத்தப்பனின் அண்ணன் வேலாண்டிக்கு உடம்புக்கு நாற்பது வயது, மனசுக்கு நாலு. தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காது. புது இடமென்றால் சுவரில் தலையை மோதிக்கொள்வார். பகலில் சபையைச் சிரிக்கவைத்து, இரவில் அண்ணனோடு விழித்திருந்தே சாத்தப்பனுக்குக் கண் குழிவிழுந்திருந்தது.

"ஐயா, சோதிக்க எப்போது வருவார்கள்?" என்று தனகோடியைக் கேட்டான்.

"ஆடி போகட்டும், ஆவணி போகட்டும். நாளை உச்சிக்குச் சத்திரத்து வண்டி வரும். உமது விகடத்தை மாட்டிடம் காட்டும்!"

வீட்டில் சோறு ஊட்டும்போது வேலாண்டி கேட்டார்: "தம்பி, வண்டில போறமா?"

"போகலண்ணே. நீ வாயத் தொற."

விடிந்ததும் சாத்தப்பன் அரண்மனைப் பணியாட்களிடம் போனான். "தண்டோரா கேட்டீர்களா? தானே குளிக்காத, உடுக்காத ஒருவர் உள்ளே இருக்கிறார். இந்த வீட்டுக்கு முத்திரை உண்டா?"

"ஐயோ சாமி, இல்லியே!" என்று அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

குளிப்பாட்ட, உடுத்திவிட வரச்சொல்லி அரசர் கத்திப் பார்த்தார். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் தலைப்பாகை மூக்கில் சரிய, செருப்பு கால் மாற, சபைக்கு வந்தார்.

"யார் செய்த வேலை இது?"

"தங்கள் ஆணை செய்த வேலை, மன்னா. தங்களைத் தொட்டால் கசையடி. சத்திரத்து வண்டியில் தங்களுக்கும் ஓர் இடம் போடச் சொல்லியிருக்கிறேன்."

அரசர் தனகோடியைப் பார்த்தார். "முத்திரை எப்போது கிடைக்கும்?"

"ஆ... ஆவணி கழிந்து, மன்னா."

"அதுவரை என்னை யார் பார்ப்பது?"

"என் அண்ணனுக்கும் அதே கேள்விதான், மன்னா" என்றான் சாத்தப்பன். அவன் சிரிக்கவில்லை.

அரசர் தலைப்பாகை கழன்று விழச் சிரித்தார். "அந்தக் கசையடி வரியை அடித்துவிடுங்கள்! சோதிப்பவர் உடனே வீடு தேடிப் போகட்டும். பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே படியரிசி. சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்? பொன்னா, ஊரா?"

"ஒரு நாள் தூக்கம், மன்னா. அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்."

அரசரின் விரல் தனகோடியை நோக்கி நீண்டது.

அன்று மதியம் வேலாண்டி தனகோடியின் தலைப்பாகையைப் பிடுங்கித் தான் வைத்துக்கொண்டு, "மாமா, ஆ!" என்று வாயைத் திறந்தார். தனகோடி ஊட்டினார். பக்கத்தில் பாயில் சாத்தப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டில் முடியாமல் இருப்பவருக்குச் சோறு இறங்கட்டும். அவரைத் தூக்கி உட்காரவைக்கும் கை வலியில்லாமல் இருக்கட்டும். அந்தக் கைக்கு மாற்றுக் கை ஒன்று வாசலில் வந்து நிற்கட்டும்.