கூகை கக்கிய சாட்சி

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் பெரிய சதுப்பு இருந்தது. கோரை ஆளுயரம் வளர்ந்து நிற்கும். அதற்குள் நீரெலிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. குன்றின் நடுவே இருந்த குகையில் வெண்முகி என்ற கூகை தனியாகக் குடியிருந்தாள்.

வெண்முகி எலி தின்பவள்தான். ஆனால் அப்போதெல்லாம் அவள் எதை விழுங்கினாலும் எலும்பும் மயிரும் வயிற்றிலேயே கரைந்துவிடும். ஒரு தடயமும் மிஞ்சாது.

ஒரு கோடை கழிந்ததும் நீரெலிகள் குறையத் தொடங்கின. நேற்றுப் பார்த்த குடும்பத்தை இன்று காணவில்லை. சதுப்பில் பேச்சு நின்றது. யார் எதிரே வந்தாலும் முதலில் அவர் வாயைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அங்கே சாம்பன் என்ற கீரி பெரியவனாக இருந்தான். அவனும் எலி தின்பவன்தான். ஆனால் அவன் பட்டப்பகலில், எல்லோர் கண்முன்னும் தின்பான். அதனால் அவன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூகை தின்பதை யாரும் பார்த்ததில்லை.

"இருட்டில் தின்பவளுக்குக் கணக்கு ஏது? அவளை விரட்டினால்தான் நமக்கு வாழ்வு" என்றான் சாம்பன். "புதிதாக வந்திருக்கும் வெள்ளெலிகளையும் கவனியுங்கள். நீரெலி போன இடத்தில் இவர்கள் எப்படி வந்து உட்கார்ந்தார்கள்?"

ஒருநாள் விடியற்காலையில் எல்லோரும் குகை வாசலில் கூடினார்கள். வெண்முகி கண் கூசியபடி வெளியே வந்தாள்.

"பசிக்குத் தின்றேன். அதற்கு மேல் ஒன்றையும் தொடவில்லை."

"உன் வயிறு எல்லாவற்றையும் மறைத்துவிடும். உன் சொல்லை எப்படி நம்புவது?" என்றான் சாம்பன்.

கூட்டம் அவன் பக்கம் தலையாட்டியது. வெண்முகி குன்றை நோக்கித் திரும்பினாள்.

"குன்றே, கேள்! இனி நான் விழுங்கும் எந்த எலும்பும் என் வயிற்றில் கரைய வேண்டாம். எல்லாம் இவர்கள் பார்க்க வெளியே வரட்டும்."

"ஐயோ, வேண்டாம் அக்கா! தொண்டை கிழிந்துவிடும்" என்று கத்தினாள் கூர்மூக்கி என்ற மூஞ்சூறு. அதற்குள் குன்று ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கூகைக்கு மூச்சு முட்டியது. கழுத்தை முன்னும் பின்னும் இழுத்து, கண்ணில் நீர் வழிய, முந்தின இரவு தின்றதை ஓர் உருண்டையாகக் கக்கினாள். மயிர் சுற்றிய உருண்டைக்குள் சின்னஞ்சிறு எலும்புகள் உடையாமல் இருந்தன.

அதன்பின் தினமும் இதே பாடுதான். உருண்டைகள் குகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. வேறெங்காவது கக்கிவிடுவாளோ என்று சாம்பன் காவல் இருந்தான். அவன் சரியாகக் காவல் இருக்கிறானா என்று மற்றவர்கள் அவனைக் காவல் காத்தார்கள். மழை பொய்த்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சில பருவங்கள் கழிந்தன. நீரெலி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இன்று தெரிந்துவிடும்" என்று சாம்பன் எல்லோரையும் அழைத்து, குவியலைத் தோண்டினான். மேலே கிடந்தவை வெள்ளெலிப் பற்கள். கொஞ்சம் கீழே எல்லாம் கலந்து கிடந்தன. அடியில் நீரெலியும் மூஞ்சூறும்.

"பார்த்தீர்களா? முதலில் நீரெலிகளைத் தின்று தீர்த்திருக்கிறாள்!"

அப்போது தேரியன் என்ற வெள்ளெலி முன்னால் வந்தான். குவியலின் மேல் கிடந்த பற்களைப் பார்க்க முடியாமல் பார்த்தான்.

"இதெல்லாம் என் சொந்தக்காரர்கள். இவளுக்காகப் பேச எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அண்ணே. எங்களால் ஈரமண்ணில் வளை தோண்ட முடியாது. தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அப்படியிருக்க, சதுப்பின் நடுவில் நாங்கள் எப்படிக் குடியிருக்கிறோம்?"

தேரியன் கீழே தெரிந்த சதுப்பைக் காட்டினான்.

"கரையோரம் காய்ந்தது, வந்தோம். இன்னும் காய்ந்தது, இன்னும் உள்ளே வந்தோம். அவள் கையில் அந்தந்த நாளில் அகப்பட்டவர்கள்தான் இங்கே கிடக்கிறார்கள்."

கூர்மூக்கி கீழே ஓடிப்போய் மண்ணில் மூக்கைக் குத்தினாள். புழுதி ஏறித் தும்மினாள்.

"தண்ணீர் போய்விட்டது. நீரெலிகள் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். நாம்தான் ஒருவர் வாயை ஒருவர் முகர்ந்துகொண்டு இங்கேயே நின்றுவிட்டோம்!"

அன்றைக்கே அவள் தன் குட்டிகளை ஒன்றின் வாலை ஒன்று கவ்வவைத்து ஆற்றுப் பக்கம் கிளம்பினாள். போகுமுன் குகை வாசலுக்கு வந்தாள். கூகையின் நகம் எட்டாத தூரத்தில்தான் நின்றாள்.

"அக்கா, குன்றிடம் சொல்லி அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்."

வெண்முகி குகைக்குள் எட்டிப் பார்த்தாள். சாம்பன் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தான். "வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்" என்று அவன் முணுமுணுப்பது கேட்டது.

"வேண்டாம் தங்கச்சி, இருக்கட்டும். இதை விட்டால் எனக்கு வேறு சாட்சி ஏது?" என்றாள் வெண்முகி.

கூகை தின்றதன் எலும்பையெல்லாம் உருண்டையாகக் கக்குவது அன்று முதல்தான். குகை மண்ணைத் தோண்டிச் சலித்து, அரிசி அளவுகூட இல்லாத எலிப் பற்களைப் பொறுக்கி, "இங்கே ஒரு காலத்தில் கோரை விளைந்தது, பிறகு வறண்டது" என்று இன்று மனிதர்கள் சொல்வதும் அவள் பட்ட அந்தப் பாட்டினால்தான்.