குறையாவனத்தில் பெயர் கூப்பிடும் நேரம்

குறையாவனத்தில் யாரும் சாவதில்லை. அந்தக் காட்டின் சட்டம் அப்படி. ராஜாவான புலி பட்டம் ஏறிய அன்றே, தன் ஆட்சியில் ஓர் உயிரும் குறையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டது. புலி கொடுத்த வாக்கைப் பொய்யாக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆகவே தினமும் காலையில் ஆலமரத்தடியில் எல்லா மிருகங்களும் கூடும். முள்ளம்பன்றி அதிகாரி ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும். அவரவர் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். காணாமல் போனவர்களின் பெயருக்கும் பதில் வரும். அது மரத்தின் மேலேயிருந்து, அச்சு அசலாக அவரவர் குரலில் வரும். இலைகளுக்குள் அரசாங்க மைனாக்கள் உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வருஷம் போகப் போகக் கீழே கூட்டம் மெலிந்தது, மேலே சத்தம் பெருத்தது. நாடு செழிக்கிறது என்று புலி மகிழ்ந்தது. புலியும் நன்றாகவே செழித்திருந்தது.

ஒரு நாள் மருதி என்ற மானின் குட்டி பொரி, ஆழமான குழி ஒன்றில் விழுந்துவிட்டது. யானையால்தான் அதைத் தூக்கிவிட முடியும். யானை வருவதற்கு அதிகாரியின் உத்தரவு வேண்டும். மருதி ஓடோடி வந்து சேர்ந்தபோது பெயர் கூப்பிடும் நேரம்.

"பொரி!"

"உள்ளேன் ஐயா," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அதே மழலை. என் பிள்ளை குழிக்குள் கிடக்கிறான் என்று மருதி கதறியது. முள்ளம்பன்றிக்குக் கோபமே வரவில்லை. வந்திருப்பவனை எப்படியம்மா தேடுவது என்று பொறுமையாகக் கேட்டது. மறுநாளும் அதே கேள்விதான். குழியிலிருந்து வந்த அழுகை மெலிந்துகொண்டே போனது. மரத்திலிருந்து வந்த குரல் மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் மருதி, வடிவாச்சி என்ற யானையைத் தேடிப் போனது. வடிவாச்சியின் கன்று போன கோடையில் காணாமல் போனது. அதன் குரலைக் கேட்கத்தான் வடிவாச்சி தினமும் முதல் ஆளாக ஆலமரத்தடிக்கு வரும்.

"அக்கா, உத்தரவு வராது. நீங்களா வந்தாத்தான் உண்டு," என்றது மருதி. "மடியில பால் கட்டிக் கிடக்கு. மரத்துல இருக்கறவனக் குடிக்கக் கூப்பிட்டேன். இறங்கி வரல."

வடிவாச்சி எழுந்து நடந்தது. குழிக்குள் தும்பிக்கையை விட்டுப் பொரியைத் தூக்கி வெளியே வைத்தது. பாவம், குட்டி எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனால் உயிர் இருந்தது.

மறுநாள் காலை பொரியின் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு குரல்கள் எழுந்தன. கீழேயிருந்து வந்தது கம்மிப்போய் இருந்தது. மேலேயிருந்து வந்தது கணீரென்று ஒலித்தது.

முள்ளம்பன்றி யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. "மேலே இருப்பவன் ஒரு நாளும் தவறவில்லை. இவன் மூன்று நாள் வரவில்லை. ஆகவே இவன்தான் போலி. போலியை ராஜாவிடம் ஒப்படையுங்கள்."

காவல் செந்நாய்கள் எழுந்தன. வடிவாச்சி குறுக்கே வந்து நின்றுகொண்டது.

"அக்கா, நீங்களும் வந்துடுங்க!"

"வந்தா எம்பிள்ள குரல எங்க போய்க் கேப்பேன்? நீ போ தாயி."

மருதி குட்டியை முன்னே விட்டு ஓடியது. காட்டின் எல்லையான ஆற்றைக் கடந்து இரண்டும் அக்கரை ஏறின. பின்னால் பெயர் கூப்பிடுவது நிற்கவில்லை. "மருதி" என்று அதிகாரி கூப்பிட்டது காற்றில் வந்தது.

"உள்ளேன் ஐயா."

மருதியின் குரலேதான். பொரி திடுக்கிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மருதி வாயைத் திறக்கவே இல்லை.

இழந்ததை ஒப்புக்கொள்ளாத நாடு, இருப்பவரையும் காப்பாற்றாது.