பராக்குப் பார்த்த கோல்கீப்பர்

மடம் என்று அவர்களுக்கு எதுவும் கிடையாது. ஹாக்கி மைதானத்தின் மேற்கு கேலரியில் நாலாவது படி, அவ்வளவுதான். குருவுக்குக் காவியும் கிடையாது. ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் தமயந்திதான் குரு. ஒரு காலத்தில் மாநிலப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். வயது நாற்பத்து மூன்று.

சீடர் உலகநாதனுக்கு ஐம்பத்தெட்டு. ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது வருஷமாகத் தலைமையாசிரியர். ஊரே அவரிடம் பாடம் கேட்டது. அவர் ஹாக்கியை மட்டும் தமயந்தியிடம் கேட்டுக்கொண்டார். கேட்க அவருக்கு வெட்கம் இல்லை, சொல்ல அந்தம்மாவுக்கு அலட்டல் இல்லை. ஒரே சங்கடம், தமயந்தி எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார்.

அந்த வருஷம் ஊர் அணியான வைகறை ஹாக்கிக் கழகத்துக்கு ஏழரை பிடித்திருந்தது. பழைய கோச் ஞானராஜைக் கமிட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பென்சிகர் என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் ஆறு சீனியர்களைக் கழற்றிவிட்டு, மீசை அரும்பாத பையன்களாகப் பார்த்து இறக்கினார். அணியை அஸ்திவாரத்திலிருந்து கட்டப்போகிறேன் என்றார். கட்டினார். ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றார்கள்.

கேலரி இரண்டாகப் பிளந்தது. ஞானராஜைத் திரும்பக் கூட்டி வா என்றது ஒரு கட்சி. அவர் இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார், பென்சிகருக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார் என்றது இன்னொரு கட்சி. மாமனும் மருமகனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் வம்பே வேண்டாம் என்று கட்சிக்கு ஒரு பெஞ்சு போட்டார். இரண்டு பெஞ்சும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் புது கோல்கீப்பர் உருப்படமாட்டான்.

ஆகவே மேனேஜர் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, கோல்கீப்பரை நீக்கச் சொல்லி உலகநாதன் ஒரு மனு எழுதினார். தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். மனு முத்து முத்தாக இருந்தது. நூற்றெண்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. தமயந்தியின் கையெழுத்தும் சேர்ந்துவிட்டால் கமிட்டி மறுபேச்சுப் பேசாது. கோல்கீப்பரைப் பற்றி இன்னொரு கோல்கீப்பரே சொன்ன பிறகு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால், நாலாவது படியில் வைத்து மனுவைக் கொடுத்தார். தமயந்தி ஒரு வரி விடாமல் படித்தார்.

"இதுல பேரு இல்லியே சார். 'புதிய கோல்கீப்பர்'னுதான் இருக்கு."

"பேர் யாருக்கும் தெரியலம்மா. மூஞ்சி எந்நேரமும் ஹெல்மெட்டுக்குள்ள. பென்சிகர் எங்கேருந்தோ பிடிச்சிட்டு வந்த பையன்."

"என்ன தப்புப் பண்ணுதான்?"

உலகநாதன் விரல் வைத்துக் காட்டினார். 'ஆட்டத்தில் கவனமின்றி, அடிக்கடி கேலரியைப் பராக்குப் பார்க்கிறார்.'

"பந்து வர்ற நேரத்துல இங்க திரும்பிப் பாக்குறான்மா. கோல்ல நிக்கிறவன் செய்யிற வேலையா இது? நானும் தொண்டை கிழியச் சொல்லித்தான் பாக்குறேன்."

அதில் பொய் இல்லை. மைக் இல்லாமல் ஆயிரத்து நானூறு பிள்ளைகளை அடக்கிய தொண்டை அது. 'ஏய், அங்க என்ன பராக்கு?' என்று நாலாவது படியிலிருந்து அது கிளம்பினால், வேப்பமரத்துக் காக்கைகள் பறந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மறுபடி உட்காரும்.

"அணி தேறணும்னா அவனை மாத்தித்தானே ஆகணும்? நீங்களே சொல்லுங்க."

தமயந்தி மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடுதேன் சார். இன்னைக்கு ஒரு ஆட்டம் மட்டும் கிழக்கு கேலரில உக்காந்து பாத்துட்டு வாங்க. வாயத் தொறக்கக் கூடாது."

கிழக்கு கேலரி எதிர் அணிக்காரர்களுடையது. சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். உலகநாதனுக்கு அங்கே போக மனசே இல்லை. இருந்தாலும் குரு சொல் ஆயிற்றே. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி நடந்துபோய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ஆட வந்தது துறைமுக ஊர் அணி. போன மாதம் வைகறையை ஐந்து கோல் போட்டுக் கவிழ்த்தவர்கள். பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், தாராள மனசுக்காரர். ஆள் யார் என்று விசாரிக்காமலே கடலைப் பொட்டலத்தை உலகநாதன் பக்கம் நீட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிஷத்தில் மூன்று பந்து கோலை நோக்கி வந்தது. ஒன்றைப் பையன் காலில் கட்டிய பேடால் தடுத்தான். ஒன்றைக் கையால் தட்டினான். மூன்றாவதை முழு நீளத்துக்கும் விழுந்து மறித்தான். உலகநாதனுக்கு நாக்கு துடித்தது. கடலையை வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

பக்கத்துக்காரர் பெருமூச்சு விட்டார்.

"என்ன அண்ணாச்சி, மேற்கே அந்தக் கணீர்க் குரல் ஆள இன்னைக்குக் காணோமே? ஒடம்புக்கு முடியலையோ?"

உலகநாதன் கடலையை மென்றபடி அவரைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியாதா? போன ஆட்டத்துல எங்களுக்கு மூணு கோல் வாங்கிக் குடுத்ததே அவருதான். அவரு ஒரு சத்தம் போடுவாரு. கீப்பர் பய வெடுக்குன்னு அந்தப் பக்கம் திரும்புவான். அந்நேரம் பாத்து அடிங்கடான்னு எங்க கோச்சே சொல்லி விட்டிருக்காரு. அவருக்கு ஒரு சால்வை போடணும்னு நாங்க பேசி வச்சிருக்கோம்."

உலகநாதன் கையில் மிச்சமிருந்த கடலையைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் பந்தைப் பார்க்கவில்லை, பையனைத்தான் பார்த்தார். மேற்கு கேலரி வழக்கம்போல் கூச்சல் போட்டது. ஆட்டம் தவறாமல் மேளத்துக்குப் பதில் டின் கொண்டு வரும் தாவீது, அந்தத் தகர டின்னை அடித்து நொறுக்கினான். பையன் எதற்கும் அசையவில்லை. ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில், நல்ல அடி ஒன்றைத் தடுத்துவிட்டு எழுந்தபோது மட்டும், தானாகவே திரும்பி நாலாவது படியைப் பார்த்தான். அங்கே உலகநாதனின் இடம் காலியாக இருந்தது.

அன்றைக்கும் தோல்விதான். பெனால்டி கார்னரில் இரண்டு கோல் வாங்கி, ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். ஆனால் எட்டு ஆட்டத்தில் இது ஒன்றுதான் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

உலகநாதன் திரும்பி வந்தபோது கேலரி காலியாகிவிட்டது. கமிட்டி அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. தமயந்தி அதே இடத்தில் இருந்தார்.

"கிழக்கே என்ன சார் பாத்தீங்க?"

"எனக்குச் சால்வை போடப் போறாங்களாம்மா."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஆயிரத்து நானூறு பிள்ளைகளை அடக்கிய குரல் பக்கத்துப் படிக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"அத்தனை பேர் கத்துறோம். தாவீது அந்த டின்னைப் போட்டு அடிக்கிறான். அதுக்கெல்லாம் திரும்பாதவன் என் குரலுக்கு மட்டும் ஏம்மா திரும்பணும்?"

தமயந்தி கோல் கம்பத்தின் பக்கம் பார்த்தார். பையன் தரையில் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹெல்மெட் பக்கத்தில் கிடந்தது.

"ஆறாப்புலருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் என் கேட்டைத் தாண்டித்தான் சார் போனான், உங்க பள்ளிக்கூடத்துக்கு. தோள்ல ஸ்டிக்கோட. தெனமும் காலைல பிரேயர்ல அந்தக் குரலக் கேட்டு நின்னவன். இப்பவும் 'அங்க என்ன பராக்கு'ன்னா உங்களத்தானே பாப்பான்?"

உலகநாதன் பையனைப் பார்த்தார். பார்த்த முகம்தான். மூன்றாவது வரிசையிலா, நாலாவது வரிசையிலா என்று தெரியவில்லை, ஆனால் பிரேயரில் நின்ற முகம். எவ்வளவு யோசித்தும் பேர் வரவில்லை. எட்டுத் தோல்வியிலும் அவருக்கு இப்படி வலித்ததில்லை.

தமயந்தி கையை நீட்டினார்.

"மனுவக் குடுங்க சார். போடுதேன்னு சொன்னேன்ல."

உலகநாதன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அவன் பேர் என்னம்மா?"

"அவன்கிட்டயே கேளுங்க சார். மெதுவாக் கூப்பிட்டாப் போதும். திரும்பிருவான்."